ஈரத்துணி என்கிற பேரில்

ஆஸ்பத்திரி லாண்டரியில் அவரை எல்லாரும் ரோலர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அது சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும்.

துவைத்துப் பிழிந்து வருகிற படுக்கை விரிப்பை இரண்டு மூலையிலும் பிடித்து, சுருக்கம் விழாமல், சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. இந்தப் பக்கம் ஈரமாக உள்ளே போவது அந்தப் பக்கம் மொறமொறவென்று வெளியே வரும். கோணலாகக் கொடுத்தால் உருளை அந்தக் கோணலையே அழுத்தித் தேய்த்து நிரந்தரமாக்கிவிடும். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அவர் அந்த உருளைக்கு முன்னால்தான் நிற்கிறார்.

லாண்டரிக்குள் நுழைந்தால் மண்டைக்குள்ளேயே மெஷின் ஓடுவது போலிருக்கும். யாரும் யாரோடும் பேச முடியாது. சைகையிலேயே சண்டை போட்டு, சைகையிலேயே சமாதானமாகிவிடுவார்கள். துவைக்கிற மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற சோப்பு என்பவன் ஒரு முழுக் கல்யாணச் செய்தியையே விரலால் சொல்லி முடிப்பான். இப்படியே வருஷங்கள் ஓடியதில் ரோலருக்குக் காது போனது. ஒரேயடியாகப் போகவில்லை, தவணை முறையில் போனது. முதலில் கொசு, அப்புறம் காலிங் பெல், அப்புறம் பேத்தி.

மனைவி இருந்தவரைக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வெளியாட்கள் சொல்வதை எல்லாம் அவள் வாங்கி, அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, நிதானமாக இன்னொரு முறை சொல்வாள். கத்தமாட்டாள். அவள் போன பிறகுதான் தனக்கு இவ்வளவு மோசமாகக் காது கேட்காது என்பதே அவருக்குத் தெரிந்தது.

"தனியா உக்காந்து என்னப்பா பண்ணப் போறீங்க? எங்ககூட வந்துடுங்க" என்றாள் மகள். ஒரே மகள். மனசாரத்தான் கூப்பிட்டாள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பையும் ஒரு தலையணையுமாக அவர் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு அறையும் ஒரு ஹாலும் உள்ள வீடு. ஓர் அறையில் மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பார். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதாலேயே மனசில் இருப்பதை முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார். இன்னொரு அறையில் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் படுப்பார்கள். ஹால் சோஃபா ரோலருக்கு. யாரும் எழுவதற்கு முன்னால் எழுந்து போர்வையை மடித்துச் சோஃபாவுக்குப் பின்னால் சொருகிவிடுவார். ஷேவிங் சாமான்களைக் குளியலறையில் விட்டுவைப்பதில்லை. கையோடு கொண்டுபோய்க் கையோடு திரும்பக் கொண்டுவருவார். அவருடைய துணிமணிகள் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. அங்கே வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவரே பார்த்துப் பிடித்த இடம்.

மகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. காலையிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் கோபத்தை எல்லாம் காதில் வாங்கி, தேன் தடவிய குரலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது தொண்டையில் சொட்டுச் சத்தம் மிச்சமிருக்காது. அப்போது போய் அப்பாவிடம் கத்திப் பேசு என்றால் எப்படி? "அப்பா..." என்று ஏதோ ஆரம்பிப்பாள். "என்னம்மா?" என்பார் இவர். இன்னொரு முறை சொல்ல வாயெடுத்து, "ஒண்ணுமில்லப்பா" என்று விட்டுவிடுவாள். அந்த வீட்டிலேயே அதிகமாகப் புழங்கிய சொல் அந்த 'ஒண்ணுமில்ல'தான்.

அவள் புதுப் போன் வாங்கியபோது பழையது இவருக்கு வந்தது. அதில் படம் எதுவும் இல்லாத ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. அழுத்தினால் வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. உச்சியில் 'சும்மா' என்று மட்டும் போட்டிருந்தது.

"இது என்னம்மா, வெள்ளையா?" என்று காட்டினார்.

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். "அதுவா? எப்பவோ போட்டது. அழிச்சிடுங்கப்பா."

அழிக்கத் தெரியாததால் அது அப்படியே இருந்தது. மறுநாள் டீ இடைவேளையில், சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து, என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று திறந்தார்.

பக்கத்தின் தலையில் சட்டதிட்டம் இருந்தது. படம் கிடையாது. பேர், ஊர், வேலை கிடையாது. மூன்று வரிக்கு மேல் கிடையாது. உள்ளே வருகிறவர் ஏதாவது ஒரு பொருளின் பேரை வைத்துக்கொள்ள வேண்டும்; அந்தப் பேருக்கான இடம் காலியாக இருந்தது. ஒருவர் மூன்று வரி எழுதினால் அதன் கீழே மற்றவர்கள் எழுதலாம். அவ்வளவுதான் விஷயம். இதயம், கட்டைவிரல் மாதிரி சமாசாரம் எதுவும் கிடையாது. யாருக்கு எத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது. அங்கே இருந்தவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். பழைய சாவி, அரை டம்ளர், குடைக்கம்பி என்று பேர்கள். இதை நடத்துகிறவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. விளம்பரம் போடுகிறவர்களையும் வம்பு வளர்க்கிறவர்களையும் அவர் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடுவார். எல்லாரும் அவரை 'வீட்டுக்காரர்' என்றார்கள்.

ரோலர் சில நாள் வேடிக்கை மட்டும் பார்த்தார். பிறகு ஒரு நாள், தோளில் கிடந்ததைப் பார்த்து, ஈரத்துணி என்று பேர் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி எழுதினார்.

'ஒற்றைச் சாக்ஸ் ஒன்று கையில் கிடைத்தது. குழந்தையுடையது. யாரைப் போய்க் கேட்பது?'

டீ குடித்து முடிப்பதற்குள் கீழே பதில் வந்திருந்தது. குடைக்கம்பி எழுதியிருந்தார்: 'கவலைப்படாதீர்கள். இன்னொரு சாக்ஸ் உங்களைத் தேடி அலைந்துகொண்டிருக்கும்.'

ரோலர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த இரைச்சலிலும் சோப்பு திரும்பிப் பார்த்து, என்ன ஆச்சு என்று விரலை ஆட்டினான். ஒன்றுமில்லை என்று இவரும் கையை ஆட்டினார்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. அங்கே யாரும் யாரிடமும் இரண்டாம் முறை சொல்லவேண்டியதில்லை. எழுத்துக்குக் காது எதற்கு? டீ இடைவேளையில் ஒரு தரம், வேலை முடிந்து வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு தரம். காய்ச்சலில் இவர் எழுதாமல் இருந்து திரும்பியபோது, 'ஈரத்துணி காய்ந்துவிட்டதோ என்று பயந்தோம்' என்றார் அரை டம்ளர். அதே காய்ச்சலுக்கு மகளும் மாத்திரை வாங்கித் தந்தாள், வெந்நீர் போட்டுத் தந்தாள். குறை சொல்ல முடியாது. எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் கத்த வேண்டும்.

குடைக்கம்பியோடுதான் ரொம்ப ஒட்டுதல். 'இன்று முழுதும் பேசினேன். அதில் ஒரு வார்த்தையும் என்னுடையது இல்லை. வாய் மட்டும் வலிக்கிறது' என்று அவர் எழுதுவார். 'நான் இன்று பேசவே இல்லை. என்னிடம் மிச்சமிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று இவர் எழுதுவார். வேலையைச் சொல்லக்கூடாதே. குடைக்கம்பி யாரோ பள்ளிக்கூட டீச்சரம்மா, ரிட்டயர் ஆகிற வயசு, ஒரு பூனை வளர்க்கிறார் என்று ரோலர் தானாகவே முடிவு கட்டிவைத்திருந்தார். பூனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒரு நாள் அந்த அம்மா எழுதினார்: 'ஒரு நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை. அழிக்கவும் கை வரவில்லை.' மனைவியின் நம்பர் ரோலருடைய போனிலும் இருந்தது. 'அழிக்காதீர்கள்' என்று ஒரே சொல் எழுதினார்.

இன்னொரு நாள் இவர் எழுதினார்: 'வீட்டுக்குள் போகும்போது செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுகிறேன். சத்தம் போட்டுக் கழற்ற ஓர் உரிமை வேண்டும்.'

குடைக்கம்பி பதில் எழுதினார்: 'இங்கே சத்தமாகக் கழற்றுங்கள்.'

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மனுஷன் அதைப் படித்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மனைவி போன பிறகு, உள்ளே வா என்று ஒருவர் கதவைத் திறந்து நின்றது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

பிறகு ஒரு சாயங்காலம் குடைக்கம்பி இப்படி எழுதினார்: 'வீட்டில் ஒருவர் கூடுதலாக இருக்கிறார். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நல்லவர். அதுதான் கொல்கிறது.'

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று அரை டம்ளர் ஒரு போடு போட்டார். பழைய சாவி, பொறுத்துப் போகச் சொன்னார். ரோலருக்குக் கோபம் வந்தது. யாரோ ஒரு நாத்தனாரோ மச்சினனோ, ரோஷமில்லாத ஜென்மம், பாவம் அந்த டீச்சரம்மா வீட்டில் வந்து அட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. மறுநாள் விரிப்புகளை உருளைக்குள் கொடுத்துக்கொண்டே யோசித்து, டீ நேரத்தில் எழுதினார்.

'நல்லவர் என்றால் சொன்னால் புரிந்துகொள்வார். மனசில் வைத்துக்கொண்டு முகம் சுளிப்பதுதான் பாவம். சொல்லிவிடுங்கள்.'

'வாய் வரவில்லை' என்றார் குடைக்கம்பி.

'ஒரே ஒரு முறை சொன்னால் போதும். அப்புறம் இரண்டு பேருமே மூச்சு விடலாம்.'

அடுத்த விடுமுறை நாள் காலையில் ரோலர் ஹாலில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். வாசல் கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. பேத்தி தரையில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். மகள் வந்து சோஃபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. சொல் வந்து சேரவில்லை.

"என்னம்மா?"

வழக்கம்போல ஒண்ணுமில்ல என்று விட்டுவிடுவாள் என்று நினைத்தார். அன்றைக்கு அவள் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, கத்தினாள்.

"வேற ரூம் எதாவது பாத்துக்கறீங்களான்னு கேட்டேன்ப்பா!"

பேத்தி வரைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டு அம்மா குப்பைக் கூடையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் அறைக்கதவு ஒரு விரல்கடை திறந்து, திரும்பவும் சாத்திக்கொண்டது.

"பாத்துக்கறேன்மா" என்றார் ரோலர். "அதுக்கென்ன இப்ப? நானே சொல்லணும்னுதான் இருந்தேன். லாண்டரி பக்கத்துல சோப்பு ஒரு ரூம்ல இருக்கான். கூட ஆள் வேணும்னு ரொம்ப நாளா கேக்கறான்."

சோப்பு அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

மகள் இன்னும் ஏதேதோ சொன்னாள். பேத்திக்குப் படிக்க இடமில்லை என்றாள் போலிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றாள் போலிருக்கிறது. பாதிதான் எட்டியது. முழுசும் எட்டியது போல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, காற்றாட நிற்கிறேன் என்று மாடிப்படிக்கு வந்தார். போக வேறு போக்கிடம் எது? போனைத் திறந்தார். இன்றைக்கு என்னை எழுந்து போகச் சொன்னார்கள் என்று எழுத நினைத்தார். அதற்கு முன்னாலேயே குடைக்கம்பி எழுதியிருந்தார்.

'சொல்லிவிட்டேன், ஈரத்துணி. ஒரு முறை போதவில்லை, அவருக்குக் காது கேட்காது. இரண்டாம் முறை கத்த வேண்டியிருந்தது.'

அதைப் படித்ததும் ரோலர் முதலில் அந்த டீச்சரம்மாவுக்காகத்தான் பரிதாபப்பட்டார். பாவம், அங்கேயும் ஒரு செவிட்டு ஜென்மமா என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் படியின் கைப்பிடியைப் பிடித்தார்.

உட்கார்ந்து, விரலால் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பழசை எல்லாம் படித்தார். இத்தனை மாசம் பார்த்த அதே வரிகள்தான். இப்போது ஒவ்வொன்றும் திரும்பி மகளின் முகத்தைக் காட்டியது. எடுக்க ஆளில்லாத நம்பர் அவள் அம்மாவின் நம்பர். தன்னுடையது இல்லாத வார்த்தைகளைப் பேசி வலிக்கிற வாய் அவளுடைய வாய். ஒரே வீட்டில், ஒரே சாயங்காலத்தில், அவர் வெளியே மாடிப்படியிலும் அவள் உள்ளே சாப்பாட்டு மேசையிலுமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பூனை வளர்க்கிற டீச்சரம்மா என்று ஒருத்தி எங்கேயும் இல்லை. பெற்ற மகளுக்கு, அப்பனை எப்படி வெளியே அனுப்புவது என்று அப்பனே பாடம் எடுத்திருக்கிறார்.

கீழே இன்னொரு வரி வந்து விழுந்தது. 'நான் செய்தது தப்பா? ஈரத்துணி சொல்லட்டும்.'

எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். அன்று பதில் போடவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஜாகை மாறியது. இரண்டு இரும்புக் கட்டில்கள், நடுவே ஒரு நாற்காலி, லாண்டரியின் ஆவிக்குழாயைப் பார்த்த ஜன்னல். சோப்பு பெரிய மனசோடு ஜன்னல் பக்கக் கட்டிலை விட்டுக்கொடுத்தான். மாப்பிள்ளை காரில் பைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "எதுனாலும் சொல்லுங்க மாமா" என்று இரண்டு முறை சொன்னார்.

அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் ரோலர் பதில் எழுதினார். 'தப்பில்லை.'

'நன்றி' என்று வந்தது. 'உங்களிடம் மட்டும்தான் பேச முடிகிறது.'

அந்த இடத்தில் அவர் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கு அப்போது ஒரு பேராசை பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்த்த மகள், இப்போதுதான் முதல் முறையாகத் தன்னிடம் மனசு விட்டுப் பேசுகிறாள். சோஃபா காலியாக இருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதினாள். நிம்மதியாகவும் இருக்கிறது, அந்த நிம்மதிதான் அசிங்கமாக இருக்கிறது என்றும் எழுதினாள். புருஷனிடம் சொல்லாததை எல்லாம் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் போட்டார், முன்பின் தெரியாத மனுஷன் போல. கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகக்கூட எழுதினார். அதுதான் பிற்பாடு அவரை அதிகமாகக் குத்தியது.

ஒரு நாள் மதியம் மகள் அறைக்கு வந்தாள். துவைத்த போர்வையும் பழங்களும் கொண்டுவந்திருந்தாள். சோப்பு வேலையில் இருந்தான். "தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்மா" என்று இவர் குடத்தோடு கீழே போனார். அப்பாவுக்கு மணி அடிப்பது கேட்பதில்லையே, சத்தத்தைக் கூட்டி வைப்போம் என்று அவள் கட்டிலில் கிடந்த போனை எடுத்திருக்கிறாள். ஈரத்துணி என்கிற பேரில் எழுதிப் பாதியில் விட்ட பக்கம் திறந்தபடி இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது நீங்களா?"

கேட்காதது போல இருந்திருக்கலாம். அந்த வசதி ஒன்றுதான் அவரிடம் எப்போதும் உண்டு. அவர் குடத்தை இறக்கி வைத்தார். "ஆமாம்மா."

"நான்தான்னு எப்பத் தெரியும்?"

"நீ சொன்ன அன்னிக்கே."

"அப்ப அதுக்கப்புறம் நான் எழுதினது எல்லாம்?"

"படிச்சேன்."

"பதில் வேற போட்டீங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்து, அவள் அம்மா பேசுகிற மாதிரி பேசினாள். ஒரு சொல்கூடத் தப்பாமல் அவருக்கு விழுந்தது. "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்ப்பா. அங்கயும் வந்து உக்காந்துட்டீங்களா?"

"மொதல்ல நீன்னு தெரியாதும்மா."

"தெரிஞ்சப்புறம் எழுந்து போயிருக்கலாம்ல? வீட்ட விட்டுப் போங்கன்னதும் ஒரே வாரத்துல போனீங்க. இத விட முடியலையா?"

ரோலர் கட்டிலில் உட்கார்ந்தார். "அங்கதாம்மா நீ என்கூடப் பேசின."

"உங்ககூட இல்லப்பா" என்றாள் மகள். "அது வேற ஆளு."

போனைக் கட்டிலில் வைத்தாள். பழங்களை ஒரு தட்டில் எடுத்து வைத்தாள், போர்வையை விரித்துவிட்டாள். போகிறேன் என்று சொல்லாமல் போனாள். படியில் அவள் இறங்குகிற சத்தம் கேட்கவில்லை. எந்தச் சத்தம்தான் கேட்டது அவருக்கு?

அன்று சாயங்காலமே அவர் அந்தப் பக்கத்தை நடத்துகிற வீட்டுக்காரருக்கு எழுதினார். ஈரத்துணி காலி பண்ணுகிறான், பேரை எடுத்துவிடுங்கள் என்றார். தான் போய்விட்டால் மகள் அங்கே நிம்மதியாக இருப்பாள் என்பது அவர் கணக்கு. பேர் போனது. பழைய சாவி ஒரு முறை விசாரித்தார். அரை டம்ளர், 'ஈரத்துணியும் இல்லை, குடைக்கம்பியும் இல்லை, மழைக்காலம் முடிந்துவிட்டதா?' என்று எழுதினார். அதோடு சரி. பேர், ஊர் தெரியாத இடத்தில் யார் யாரைப் போய்த் தேடுவது? ரோலர் கொஞ்ச நாள் தினமும் திறந்து பார்த்தார். குடைக்கம்பி அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. வேறு பேரில் எழுதுகிறாளா என்று ஒவ்வொரு புதுப் பேரையும் உற்றுப் பார்க்கத் தொடங்கியபோது அவருக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. சோப்புவிடம் போனைக் கொடுத்து அந்த வெள்ளைக் கட்டத்தை அழிக்கச் சொன்னார்.

மகள் வராமல் இல்லை. எப்போதாவது விடுமுறை நாளில், மாப்பிள்ளையும் பேத்தியும் கூட வர, வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள். அந்த விஷயத்தை இரண்டு பேருமே திரும்ப எடுக்கவில்லை. போனில் பேசினால் கேட்காது என்பதால் நடுநடுவே மெசேஜ் அனுப்புவாள். 'சாப்டீங்களா?' என்று வரும். 'ஆச்சு' என்று இவர் போடுவார். 'காது டாக்டர பாத்தீங்களா?' 'பாக்கணும்.'

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் எழுத ஒன்றும் வருவதில்லை.